பெனடிக்ட் கரைசல் முதல் சுகர் மெஷின் வரை

"பழங்கதையா இல்லாம, படிக்கிற பிள்ளைங்களுக்கும் பயன்படற மாதிரி ஏதாவது எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பழங்கதை இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே நம் வேதியியல் ஆய்வகத்தோடும் நம் ஊர் மக்களின் உடம்போடும் சம்பந்தப்பட்ட ஒரு பழங்கதையையே எடுத்துக்கொண்டேன். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துச் சில விநாடிகளில் எண் சொல்கிறதே, அந்தச் சிறு பட்டை எப்படி வந்தது என்கிற வரலாறு.

நம்ம ஊருக்கு இது எவ்வளவு வேண்டிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்திய அளவில் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3! கோவா (26.4) மட்டுமே நமக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர் வடம் பிடிக்கும் பெரியவர்களில் நூறு பேரை நிறுத்தி எண்ணினால், சராசரிக் கணக்குப்படி 26 பேருக்குச் சர்க்கரை. இந்த முதலிடப் போட்டி நமக்கு வேண்டாம்தான். ஆனால் வந்துவிட்டது.

என் வயதுக்காரர்கள் சர்க்கரையை முதலில் சந்தித்தது பெனடிக்ட் கரைசலில்தான். சோதனைக் குழாயில் நீலக் கரைசல் 5 மில்லி, சிறுநீர் எட்டுச் சொட்டு, கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். ஆஸ்பத்திரியிலும் அதே சோதனைதான், நம் லேபிலும் அதேதான். ஆனால் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதற்கு இரத்தத்தில் அது ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டியிருக்க வேண்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் இந்தச் சோதனை ஒன்றுமே சொல்லாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் மயங்கி விழுவது அந்தக் குறைவினால்தான். ஆக, இரத்தத்தையே அளந்தாக வேண்டும், அதுவும் உடனே அளக்க வேண்டும். 1960களில் நிறம் மாறும் காகிதப் பட்டைகள் வந்தன. நிறத்தைக் கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும். கண் பார்வையே மங்கிப்போன நோயாளி எதை ஒப்பிடுவார்?

நிறத்தை விட்டு மின்சாரத்துக்குப் போன கதை அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் தொடங்குகிறது. ஒஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். அங்கே ஆன்டியாக் கல்லூரி. அதில் பேராசிரியராக இருந்த லேலண்ட் கிளார்க் அவர்கள், இருதய அறுவைச் சிகிச்சையின்போது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க வழி தேடினார். பிளாட்டினக் கம்பிக்கு மின்னழுத்தம் கொடுத்தால் ஆக்சிஜன் அங்கே வினைபுரிந்து மின்னோட்டம் தரும்; அது முன்பே தெரிந்ததுதான். தொல்லை எங்கே என்றால், வெறும் பிளாட்டினத்தை இரத்தத்தில் வைத்த மாத்திரத்தில் புரதமும் அணுக்களும் வந்து அப்பிக்கொள்ளும். அளவு கண்டபடி அலையும். கிளார்க் செய்த காரியம் கேட்பதற்கு அற்பமாக இருக்கும்: மின்முனையின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டினார். ஆக்சிஜன் உள்ளே போகும், இரத்தம் போகாது. 1956இல் இதை வெளியிட்டார்.

பிறகு 1962இல் அவரும் லயன்ஸ் என்பவரும் அதே மின்முனையின்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை ஓர் அடுக்காக வைத்துச் சவ்வால் மூடிவிடலாம் என்று எழுதினார்கள். இந்த நொதி அஸ்பெர்ஜில்லஸ் என்ற கரும்பூஞ்சையிலிருந்து கிடைப்பது. ஆயிரம் பொருள் கலந்த இரத்தத்தில் குளுக்கோஸை மட்டும் பிடித்து, ஆக்சிஜனைச் செலவழித்து, ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியே விடும். குறைந்த ஆக்சிஜனையோ கூடிய பெராக்சைடையோ மின்முனை எண்ணினால் சர்க்கரையின் கணக்கு வந்துவிடும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஆகஸ்ட் 16ஆம் தேதியும் அதே 1962தான். தேதி நினைவில் நிற்க நம் மாணவர்களுக்கு இது உதவும்.

1975இல் இந்த முறையில் முதல் குளுக்கோஸ் அளவி விற்பனைக்கு வந்தது. செய்தது எல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி. பழைய மாணவர் மலருக்குப் பொருத்தமான ஒரு செய்தி: அந்தக் கம்பெனியை 1948இல் தொடங்கியவர்கள் அதே ஆன்டியாக் கல்லூரியில் படித்தவர்கள்தான்.

ஆனால் அது மேஜை மேல் வைக்கும் ஆய்வகக் கருவி. பாகூருக்கு வரக்கூடிய சாதனம் அல்ல. இரண்டு முட்டுக்கட்டைகள் இருந்தன. முதலாவது, பெராக்சைடைப் பிளாட்டினத்தில் ஆக்சிஜனேற்றம் செய்ய 0.6, 0.7 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் இரத்தத்தில் உள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமால் எல்லாமே எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். மெஷின் பார்ப்பது மின்னோட்டத்தைத்தான், யார் கொடுத்தது என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடும்! இரண்டாவது, இரத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் சர்க்கரையைவிட மிகக் குறைவு. சர்க்கரை ஏற ஏற, நொதிக்கு ஆக்சிஜன் போதாமல் கணக்கு படுத்துவிடும்.

இதற்கு விடை மின்முனையின் உலோகத்தில் இல்லை, அதன் மேல்தோலில் இருந்தது. 1970களின் நடுவில் அமெரிக்காவில் ராய்ஸ் முர்ரே போன்றவர்கள் மின்முனையின் மேற்பரப்பில் வேண்டிய மூலக்கூறுகளை வேதிப் பிணைப்பால் கட்டிவைக்கலாம் என்று காட்டினார்கள். அதுவரை மின்முனை என்றால் சும்மா நிற்கிற ஒரு கம்பி. அதன் பிறகு, யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்று வாசலில் நின்று பார்த்து அனுப்பும் காவலாளி. உதாரணமாக, எதிர்மின் ஏற்றம் கொண்ட நாஃபியான் என்ற பாலிமரைப் பூசினால், அதே ஏற்றமுள்ள வைட்டமின் சி அயனியும் யூரிக் அமில அயனியும் விலக்கப்படும். பாராசிட்டமாலுக்கு ஏற்றம் கிடையாது. அது நைசாக உள்ளே நுழைந்துவிடும். ஒரு பூச்சு ஒரு தொல்லையைத் தீர்க்கும், மற்றொன்றை விட்டுவைக்கும். இந்தத் துறையின் வரலாறு பூராவும் இப்படித்தான்.

பெரிய திருப்பம் 1984இல். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு இரண்டு இடத்து ஆய்வாளர்களும் சேர்ந்து ஃபெர்ரோசீனைக் கொண்டுவந்தார்கள். எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு ஃபெர்ரோசீன் நினைவிருக்கும். இரண்டு ஐங்கோண வளையங்களுக்கு நடுவே ஒரு இரும்பு, சாண்ட்விச் மாதிரி. 1951இல் அறியப்பட்டது, அந்த வகைச் சேர்மங்களுக்காக 1973இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். பரீட்சைக்குப் படித்தபோது இதனால் ஊருக்கு என்ன லாபம் என்று நாம் யோசித்ததில்லை. நொதியின் எலக்ட்ரான் மையம் புரதச் சுருளுக்குள்ளே ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. மின்முனையால் அதை நேரே தொட முடியாது. ஃபெர்ரோசீன் உள்ளே போய் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வந்து மின்முனையில் கொடுக்கும், மறுபடி போகும். நெல் மண்டியில் தரகர் செய்கிற வேலைதான், கமிஷன் மட்டும் கிடையாது. ஆக்சிஜனை நம்ப வேண்டியதில்லை, குறைந்த மின்னழுத்தமே போதும். ஆக இரண்டு முட்டுக்கட்டையும் பெரும்பாலும் விலகின. 1987இல் பேனா வடிவில் எக்ஸாக்டெக் என்ற கருவி வந்தது. அதைத் தயாரித்த மெடிசென்ஸ் கம்பெனியை 1996இல் அபாட் நிறுவனம் 86.7 கோடி டாலருக்கு வாங்கியது. பிளாஸ்டிக் பட்டையில் கரிமை அச்சடித்து, மேலே நொதியும் தரகரும் கலந்த ஒரு மெல்லிய பூச்சு. அதற்குத்தான் அவ்வளவு விலை.

இன்றைய பட்டைகள் பலவற்றில் தரகு வேலை பார்ப்பது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. அந்தச் சிவப்புப் படிகங்களை நம் லேபில் பார்க்காதவர் யார்? உப்புப் பகுப்பாய்வில் ஃபெரஸ் இரும்பைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு விட்டால் ஆழ்ந்த நீலம் வருமே, அதுதான். அந்த நீலத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த சாயம் அது. பிரஷ்யன் நீலம் என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் கையில் இருந்த பழைய புளூபிரிண்டின் நீலமும் அதே. 1978இல் நெஃப் என்பவர் அதை மின்முனைமேல் படலமாகப் படிய வைத்தார். 1990களின் நடுவில் ரஷ்யாவின் ஆர்கடி கர்யாகின், இந்த நீலப் படலம் பெராக்சைடைச் சுமார் பூஜ்யம் வோல்ட்டிலேயே கண்டுபிடிக்கும் என்று காட்டினார். வைட்டமின் சி, பாராசிட்டமால் எதுவும் அந்த அழுத்தத்தில் வாய் திறக்காது.

பூச்சை மாற்றினால் உயிரே போகலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. சில கம்பெனிகள் வேறொரு நொதியைப் பட்டையில் வைத்தன. அது குளுக்கோஸோடு மால்டோஸையும் சேர்த்து எண்ணிவிடும். சிறுநீரகம் பழுதாகி, ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தால் வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உடம்பில் மால்டோஸ் சேரும். உண்மையில் சர்க்கரை குறைந்திருக்க, மெஷின் அதிகம் என்று காட்டும். அதை நம்பி இன்சுலின் போடுவார்கள். 13 மரணங்கள் பதிவானதாகச் சொல்லி 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மின்வேதியியலுக்கென்று நாட்டில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது என்றால் அது டில்லியிலோ பம்பாயிலோ இருக்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது இருப்பது காரைக்குடியில்! நம் ஊரிலிருந்து ஓர் இரவு பஸ்ஸில் உட்கார்ந்தால் விடியலில் போய்ச் சேரலாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் அவர்கள் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கல்விக்கு நிலம் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கே இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்லூரிக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்ததைச் சொல்கிறது. பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லூரி இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காரைக்குடி நிறுவனத்தில் அரிப்புத் தடுப்பு, முலாம் பூசுதல், பேட்டரி எல்லாவற்றோடும் மின்முனை மேற்பரப்பு ஆய்வும் நடந்தது. 1995இல் ஷீலா பெர்க்மான்ஸ், கோமதி, பிரபாகர ராவ் ஆகியோர் கண்ணாடிக் கரி மின்முனையில் நிக்கல் ஆக்சைடைப் பூசி, அதில் ஆல்கஹால்களையும் சர்க்கரைகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார்கள். நொதியே இல்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. நொதி விலை அதிகம், வெயிலுக்கு வாடும். நிக்கலுக்கு அந்தப் பயமில்லை. பிற்காலத்தில் நொதியில்லாக் குளுக்கோஸ் உணரி என்று உலகமெங்கும் நிக்கல், செம்பு, கோபால்ட் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. அந்த ஓட்டத்துக்கு வெகுமுன்பே சர்க்கரை, நிக்கல் இரண்டையும் காரைக்குடியில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் ஜான் அவர்களின் குழு, பாலிமர்ப் படலம் பூசிய மின்முனையில் வைட்டமின் சியையும் யூரிக் அமிலத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தது. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பன்சி மல்ஹோத்ரா குழு, 1990களிலேயே மின்கடத்தும் பாலிமர்களில் குளுக்கோஸ் ஆக்சிடேஸைக் கட்டிவைத்துப் பார்த்தது. ஆளுக்குப் பஞ்சமில்லை, அறிவுக்கும் பஞ்சமில்லை.

பின்னே ஏன் இன்றைக்கும் எங்கள் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு பட்டைக்குப் பதினைந்து இருபது ரூபாய் கொடுக்கிறோம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள், வில்லியனூர் கொம்யூனில் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற மையமும் இருக்கிறது, உண்மை. ஆனால் மாத்திரை வாங்கப் போகிற நாளில் ஒரு தடவை பார்ப்பது வேறு. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் தினம் இரண்டு மூன்று தடவை பார்ப்பது வேறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மா, நாளைக்கு மூன்று பட்டை கிழித்தால் மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும்.

காரணம் பூச்சிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. நிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அது சர்க்கரையைப் பிடிப்பது காரம் மிகுந்த கரைசலில், அதாவது காஸ்டிக் சோடாவில். இரத்தத்தின் பி.எச். 7.4. கட்டுரைகளில் "உண்மையான இரத்த மாதிரியில் சோதித்தோம்" என்று இருக்கும்; செய்முறைப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் அந்த மாதிரியைக் காஸ்டிக் சோடாவில் கலந்திருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து விரலைக் குத்தும் பாட்டி காஸ்டிக் சோடாவுக்கு எங்கே போவார்? பிரஷ்யன் நீலத்துக்கோ நேர்மாறான சங்கடம். பெராக்சைடு வினையில் பிறக்கும் காரமே அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஆய்வகத்தில் ஒரு மின்முனையை நாள் முழுக்க மெருகேற்றி, உலகிலேயே மிக நுட்பமான அளவு என்று எழுதிவிடலாம். ஒரே மாதிரி ஒரு லட்சம் பட்டை செய்து, சித்திரை வெயிலில் ஓலை வீட்டு அலமாரியில் ஆறு மாதம் கிடந்த பிறகும் ஒரே எண்ணைச் சொல்ல வைப்பது வேறு வித்தை. பட்டை டப்பாவின்மேல் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சடித்திருக்கிறது. மே மாதம் நம்ம ஊரில் 30 டிகிரி எங்கே இருக்கிறது?

இன்னொன்று, நம் கிராமத்துப் பெண்களில் இரத்த சோகை அதிகம். சிவப்பணு குறைந்த இரத்தம் பட்டையில் வேகமாக ஊடுருவுவதால், அதைச் சரிக்கட்டாத பட்டைகள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். கை கழுவாவிட்டாலும் அப்படியே. பாகூரில் என் பெரியம்மா ஒருநாள் மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "டேய், முன்னூத்தி நாப்பது காட்டுதுடா, நான் ஒரு துண்டுகூட வாயில வைக்கலியே!" என்று பதறினார். சோப்புப் போட்டுக் கழுவி, வேறு விரலில் பார்த்தோம். 162. "மாம்பழத்துக்கும் சேர்த்து டெஸ்ட் பண்ணிட்டீங்க பெரியம்மா" என்றேன்.

விலையைக் குறைக்க நம் நாட்டில் முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. ஹைதராபாத் பிட்ஸ் வளாகமும், மும்பையின் பயோசென்ஸ் நிறுவனமும் உருவாக்கிய இரண்டு மெஷின்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2014 ஜனவரியில் வெளியிட்டது. பட்டை ஒன்று 2 முதல் 4 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த விலை மட்டும் ஊர் ஊராக நிலைத்திருந்தால் மேலே சொன்ன கணக்கே மாறியிருக்கும். பணம் உள்ளவர்களுக்கு, கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து சர்க்கரை சொல்லும் வில்லையும் வந்துவிட்டது. ஆடம் ஹெல்லர் அவர்கள் ஆஸ்மியம் கோத்த பாலிமரால் நொதியை மின்முனையோடு 'வயரிங்' செய்த ஆராய்ச்சியின் விளைவு அது. 2014இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ஒரு வில்லையின் விலை ஆயிரக்கணக்கில்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பென்சில் முனைக் கிராஃபைட், ஃபெர்ரிக் குளோரைடு, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இவ்வளவும் நம் ஸ்டோர் ரூமில் உண்டு. பொட்டென்ஷியோஸ்டாட் கருவி துறையில் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அனுமதி கேட்டுப் பெறலாம். ஃபெர்ரிசயனைடோடு அடர் அமிலம் சேர்க்கவும் கூடாது, சூடாக்கவும் கூடாது. நச்சு வாயு வரும், ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். பென்சில் முனையில் நீலப் படலத்தைப் படிய வைத்து, பெராக்சைடுக்கு அது தரும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது முனைகள் செய்யுங்கள். பத்தை ஏ.சி. அறையிலும், பத்தைப் பாகூரிலோ திருக்காஞ்சியிலோ யாராவது ஒருவர் வீட்டு அலமாரியிலும் வையுங்கள். ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் மறுபடி அளந்து பாருங்கள். மேலே வேறொரு பூச்சு கொடுத்தால் நீலம் எத்தனை நாள் கூடுதலாக நிற்கிறது என்றும் பார்க்கலாம். செய்முறை விவரம் வேண்டுவோர் பழைய மாணவர் சங்கத்தில் பெயர் கொடுத்தால், மே மாத விடுமுறைக்கு முன்பே எழுதி அனுப்பிவைக்கிறேன். வெயில் காலம் தவறிவிட்டால் பிறகு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

— வேதியியல் துறை முன்னாள் மாணவர்